சொல்லைக் காட்டிக் கொடுத்த வணிகர்

2007-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6-ஆம் நாள், அமெரிக்கப் பேராளர் அவையின் அயலுறவுக் குழு முன்னிலையில், யாகூ என்னும் இணையப் பெருநிறுவனத்தின் தலைவர் செரி யாங்கு அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், சீனத்திலிருந்து வந்திருந்த தாய் ஒருவர் அமர்ந்திருந்தார். குழுவின் தலைவர் தாம் இலாந்தோசு, இட்லரின் கொலைக்களத்தினின்று இளமையில் தப்பிப் பிழைத்தவர்; வல்லாட்சி இன்னது செய்யும் என்பதை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர், பட்டு அறிந்தவர். அவர் யாங்கை நோக்கி, உம் பின்னால் இருக்கும் தாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் என்றார். யாங்கு திரும்பித் தலை வணங்கினார். அந்தத் தாயும் வணங்கினார். வணங்கிய கையோடு அழுதார். நுட்பத்தாலும் செல்வத்தாலும் நீங்கள் பேருருவினர், அறத்தாலோ குள்ளர் என்னும் பொருள்பட இலாந்தோசு அன்று சொன்ன சொல்லை உலகச் செய்தித்தாள்கள் பலவும் எடுத்து வெளியிட்டன.

மகனைச் சிறைக்கு அனுப்ப வழிகாட்டியவர், அவனைப் பெற்றவர்க்குத் தலை வணங்குகின்றார்! அம்மகன் செய்த குற்றந்தான் என்ன?

அவர் பெயர் சி தாவோ. செய்தியாளர், பாவலர். சீனத்தின் ஊனான் மாநிலத் தலைநகராகிய சாங்சாவில் ஒரு வணிக நாளிதழில் பணியாற்றியவர். 2004-ஆம் ஆண்டு ஏப்பிரல் 20-ஆம் நாள், அவ்விதழின் பணியாளர் கூட்டத்தில் ஆளுங்கட்சியின் சுற்றோலை ஒன்றன் கருத்து வாய்மொழியாக எடுத்துரைக்கப்பட்டது. 1989 சூன் 4-இல் தியானன்மென் திடலைச் சூழ்ந்த தெருக்களில் மாணவரும் மக்களும் படைகொண்டு கொல்லப்பட்டதன் பதினைந்தாம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாடுகளில் வாழும் மாற்றுக் கருத்தினர் அந்நாளையொட்டி நாடு திரும்பக்கூடும், இதழாளர் விழிப்பாயிருக்க வேண்டும், எழுதத்தகாதன எழுதக்கூடாது என்பன போன்ற கட்டளைகளே அவ்வோலையின் உள்ளீடு. அவற்றைக் குறித்துக்கொண்ட சி தாவோ, அன்றிரவே தம் யாகூ மின்னஞ்சல் வழியாக, அமெரிக்காவிலிருந்து நடத்தப்பட்ட ஒரு சீன மக்களாட்சி வெளியீட்டிற்கு அனுப்பினார். தம் பெயரை எழுதவில்லை. 198964 என்று எண்களால் ஒப்பமிட்டார். ஆண்டும் திங்களும் நாளும் அவ்வெண்ணில் அடங்கின, இறந்தவர்களும் அடங்கினர்.

ஏப்பிரல் 22-ஆம் நாள், அஃதாவது இரண்டே நாளில், பெய்சிங்கு நகரின் நாட்டுப் பாதுகாப்புத் துறை, யாகூவின் பெய்சிங்கு அலுவலகத்திற்கு ஓர் ஓலை விடுத்தது. அந்த முகவரிக்கு உரியவர் யார், எப்பொழுதெல்லாம் உள்ளே நுழைந்தார், என்னென்ன எழுதினார் என்று கேட்டது. இணையத்தில் ஒருவர் இணையுந்தோறும் அவர் இணைப்பிற்கு ஓர் எண் வாய்க்கும். அவ்வெண் எவரிடம் எந்நேரத்தில் இருந்தது என்பது தெரிந்தால், எழுதியவர் எந்த நகரில், எந்தக் கட்டடத்தில் இருந்து எழுதினார் என்பதும் தெரிந்துவிடும். கள்வன் நடந்த மண்ணில் காலடி பதிவது போன்றது அது. ஆனால் இங்கே காலடியைப் பார்த்து வைத்திருந்தவர், அஞ்சலைக் கொண்டு சேர்ப்பதாக வாக்களித்த அஞ்சற்காரரே. ஏப்பிரல் 20-ஆம் நாள் இரவு 11.32 மணிக்கு அவ்வெண் சாங்சா நாளிதழ் அலுவலகத்தில் இருந்தது என்று யாகூ தந்த குறிப்பு, வழக்குத் தீர்ப்பிலேயே நிறுவனத்தின் பெயரோடு எழுதப்பட்டுள்ளது. 2004 நவம்பரில் சி தாவோ பிடிக்கப்பட்டார். 2005 ஏப்பிரலில், நாட்டு மறைசெய்தியை அயலார்க்குக் கொடுத்தார் என்று பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இன்னதை எழுதாதே என்று எழுத்தாளனுக்கு இட்ட கட்டளைதான் அந்த மறைசெய்தி என்பதை ஈண்டு ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாயைப் பொத்தினார்கள், பொத்திய கையைச் சுட்டிக் காட்டியவனைக் குற்றவாளி என்றார்கள்.

இவர் ஒருவரோடு நின்றதா எனின், இல்லை. வாங்கு சியாவோநிங்கு என்பவர், யாகூவின் குழு அஞ்சல் வழியாக மக்களாட்சிக் கட்டுரைகளைப் பரப்பியதற்காக 2003-இலேயே பத்தாண்டுச் சிறை பெற்றார். அவ்வழக்கிலும் யாகூ தந்த குறிப்புகள் சான்றாகக் காட்டப்பட்டன.

யாகூ கூறிய விடை என்ன? எந்த நாட்டில் தொழில் செய்கின்றோமோ அந்த நாட்டின் சட்டத்திற்குக் கட்டுப்படுகின்றோம் என்பதே. 2006 பிப்ரவரியில் அமெரிக்க மன்றத்தில் சான்று கூறிய அந்நிறுவனத்தின் சட்டத் தலைவர் மைக்கேல் கல்லகன், செய்தி கேட்கப்பட்ட காலத்தில் அது எதைப் பற்றிய விசாரணை என்பது எங்களுக்குத் தெரியாது என்றார். கொலைகாரனைப் பிடிக்கக் கேட்கின்றார்களோ, குழந்தையைக் கடத்தியவனைத் தேடுகின்றார்களோ, யார் கண்டார் என்னும் பாங்கில் அமைந்த விடை அது. ஆனால் 2007 சூலையில் அந்தப் பெய்சிங்கு ஓலையே வெளிப்பட்டது. நாட்டு மறைசெய்தியைச் சட்டத்திற்குப் புறம்பாக அயலார்க்குத் தந்த குற்றம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. சீனத்தில் அச்சொற்றொடர் எவர்மேல் ஏவப்படும் என்பதைச் சீனம் அறிந்த எவரும் அறிவர். தம் அலுவலகத்திற்கு வந்த ஓலையில் இருந்ததையே தெரியாது என்று சான்று கூறிய பிழைக்குத்தான் அவ்வாண்டு நவம்பரில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதன்பின் ஒரு கிழமைக்குள், இரு குடும்பத்தாரும் தொடுத்திருந்த வழக்கை யாகூ பணங்கொடுத்து முடித்துக்கொண்டது. எவ்வளவு கொடுத்தது என்பதை வெளியிடவில்லை. இதுவும் ஒரு மறைசெய்திதான் போலும்!

நிறுவனத்தார் பக்கத்தில் ஒரு சொல் இருக்கின்றது. அதனை மறைத்தல் முறையன்று. ஓலைக்கு விடை தராவிடில், அங்கே பணிபுரியும் சீன அலுவலர்களைச் சிறையிடுவார்களே, அவர்களை எப்படிப் பலி கொடுப்பது என்று கேட்டார்கள். கேள்வி மெய்யானதே. ஆனால் அக்கேள்வியை அவர்கள் கேட்டிருக்க வேண்டிய நாள், ஓலை வந்த நாள் அன்று; அஞ்சற்பெட்டியைச் சீனத்திற்குள் கொண்டுபோய் வைத்த நாள். கொடுங்கோலனின் கைக்கெட்டும் இடத்தில் பிறர் மடல்களைக் குவித்து வைத்துவிட்டு, அவன் கை நீட்டியபின் என் செய்வேன் என்று புலம்புதல் வணிகனின் சூழ்ச்சியே அன்றிச் சூழ்நிலையின் குற்றமன்று. 2006-இல் சீனத்திற்குள் நுழைந்த கூகிள், தேடுபொறியை மட்டும் கொண்டு சென்று, மின்னஞ்சலை அங்கே நிறுவாமல் விட்டது. நிறுவினால் இந்நிலை தமக்கும் வரும் என்று அவர்கள் அறிந்தே விட்டார்கள். ஆகலின் வேறு வழி இருந்தது. யாகூ அவ்வழியில் செல்லவில்லை. மாறாக, 2002-இலேயே சீன இணையத் தொழிலாரின் தற்கட்டுப்பாட்டு உறுதிமொழியில் கையொப்பமிட்டிருந்தது. சி தாவோ சிறை புகுந்த அதே 2005-ஆம் ஆண்டு ஆகத்தில், அலிபாபா என்னும் சீன வணிக நிறுவனத்தில் நூறு கோடித் தாலரை இறக்கி, ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2014-இல் அலிபாபா நியூயார்க்குப் பங்குச் சந்தையில் நுழைந்தபொழுது, அப்பங்கின் ஒரு பகுதியை விற்றே யாகூ 900 கோடித் தாலருக்கு மேல் ஈட்டியது. மானத்தின் விலை இன்னது என்று கணக்குப் பார்ப்பவர்க்கு இவ்வெண்கள் பயன்படும்.

கூகிள் மட்டும் தூயதா? யாகூவைவிட நுண்ணிது, அவ்வளவே. 2006 சனவரியில் அது சீனத்திற்கென்று தனித் தேடுபொறி ஒன்றைத் திறந்தது. அதில் தியானன்மென் என்று எழுதிப் படங்களைத் தேடினால், திடலில் சிரித்து நிற்கும் வழிப்போக்கர் தோன்றினர்; அதே சொல்லை அமெரிக்காவில் எழுதித் தேடினால் படைவண்டிகள் தோன்றின. எவற்றை மறைக்க வேண்டும் என்று சீன அரசு பட்டியல் எழுதிக் கொடுத்ததா? கொடுக்கவில்லை. கூகிளின் பொறிஞர்கள் சீனத்திற்குள் ஒரு கணிப்பொறியை வைத்து, வெளிநாட்டுத் தளங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்கச் செய்தார்கள். எது திறக்கவில்லையோ அது அரசுக்குப் பிடிக்காதது என்று கொண்டு, தம் பட்டியலைத் தாமே எழுதிக்கொண்டார்கள். எள் என்னும் முன் எண்ணெயாய் நின்றார்கள்!

சட்டத்திற்குக் கட்டுப்பட்டோம் என்னும் கூற்று இவ்விடத்தில்தான் நொறுங்குகின்றது. சட்டம் என்பது எழுதப்பட்டது, எல்லை உடையது, இதைச் செய்தால் குற்றம், இதைச் செய்தால் குற்றமன்று என்று முன்கூட்டிச் சொல்வது. வல்லாட்சியின் சொல்தடையோ வேண்டுமென்றே எல்லை இல்லாமல் வைக்கப்படுவது. எதைச் சொன்னால் அடி விழும் என்று தெரியாதபொழுது, அடிக்கு அஞ்சுபவன் தேவைக்கு மேல் வாயை மூடிக்கொள்வான். ஆளுவோர் ஆயிரம் சொற்களைத் தடுக்க எண்ணினால், ஊதியத்திற்கு அஞ்சும் நிறுவனம் பதினாயிரம் சொற்களைத் தடுத்து வைக்கும். அரசுக்கு வேலை மிச்சம், பழியும் மிச்சம். அச்சத்தை மட்டும் அரசு விளைக்கின்றது. அறுவடையை நிறுவனங்கள் செய்து களத்தில் கொண்டு சேர்க்கின்றன. அப்படிச் சேர்ப்பதைச் சட்டத்திற்குக் கட்டுப்படுதல் என்று சொல்வது, சட்டம் என்னும் சொல்லையே இழிவுபடுத்துவது.

ஒன்றுமே கிடைக்காமல் இருப்பதினும் ஓரளவேனும் கிடைப்பது நல்லதன்றோ என்று கூகிள் கேட்டது. தேடியவற்றுள் சில நீக்கப்பட்டுள்ளன என்று பக்கத்தின் அடியில் குறிப்பு எழுதியதையும் எடுத்துக்காட்டியது. பொய்யுரைக்கும் நூலகனைவிட, சில நூல்களைப் பூட்டி வைத்திருக்கின்றேன் என்று சொல்லும் நூலகன் மேலானவன், மறுப்பதற்கில்லை. சீன மாணாக்கர் பலர்க்கு அத்தேடுபொறி பயன்பட்டது என்பதும் உண்மை. ஆயினும் நான்காண்டு தாங்கவில்லை. சீனத்திலிருந்து தொடுக்கப்பட்ட கணிப்பொறித் தாக்குதலில், மாந்த உரிமைக்காகப் போராடும் சீனரின் அஞ்சற்பெட்டிகளே குறிவைக்கப்பட்டன என்று 2010 சனவரியில் கூகிள் அறிவித்தது. மார்ச்சில் தன் தேடுபொறியை ஆங்காங்குக்கு மாற்றிக்கொண்டு வெளியேறியது. அன்று பாராட்டாதவர் இலர். பாராட்டின் ஈரம் காய்வதற்குள், எட்டே ஆண்டில், சொற்களை வடிகட்டும் தேடுபொறி ஒன்றைச் சீனத்திற்காக மீண்டும் கமுக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தமை 2018 ஆகத்தில் அம்பலமாயிற்று. தட்டான்பூச்சி என்பது அத்திட்டத்திற்கு இட்ட பெயர். அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டவர்கள் அந்நிறுவனத்தின் ஊழியர் ஆயிரவர்க்கு மேற்பட்டவர். அவர்கள் வாய் திறந்திராவிடின் தட்டான் பறந்திருக்கும். திட்டம் கைவிடப்பட்டது என்று 2019 சூலையில் அமெரிக்க மேலவையில் கூறினார்கள்.

ஆப்பிளின் கதை சுருக்கமானது. ஏனெனில் அது வெளியேறவே இல்லை. அதன் கைப்பேசிகள் பெரும்பாலும் சீனத்தில்தான் செய்யப்படுகின்றன, சீனத்தில்தான் பெருந்தொகையாக விற்கின்றன. இருபுறமும் கட்டுண்ட கால்கள். 2017 சூலையில், தடைமதிலைக் கடந்து செல்ல உதவும் வி.பி.என். என்னும் மறைவழிச் செயலிகளைத் தன் சீனக் கடையிலிருந்து நீக்கியது. 2018 பிப்ரவரியில் சீனப் பயனாளரின் சேமிப்புகளைக் குய்சோ மாநில அரசைச் சார்ந்த நிறுவனத்தின் பொறுப்பில் விட்டது. 2024 ஏப்பிரலில் வாட்சாப்பு, சிக்னல், தெலிகிராம் ஆகியவற்றை அக்கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சொன்னது அதே பழைய பாட்டுத்தான். சீனத்தில் பழகிய முதுகு பிற இடத்திலும் எளிதாக வளையும்: 2021 செபுதம்பரில், உருசியத் தேர்தல் தொடங்கிய நாளிலேயே, எதிர்ப்புத் தலைவர் நவால்னியின் அணியார் வாக்காளர்க்கென்று செய்திருந்த செயலியை ஆப்பிளும் கூகிளும் ஒருசேர நீக்கின. அங்குள்ள அலுவலர்களைச் சிறையிடுவோம் என்று உருசியம் அச்சுறுத்தியது. மீண்டும் அதே கணக்கு.

இவற்றால் அம்மக்களின் மொழிக்கு நேர்ந்தது என்ன என்பதைத் தமிழறிந்தோர் தனியே உற்று நோக்குதல் வேண்டும். நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று ஒன்று உண்டு. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் பறி என்பர்; பிறர்க்கு விளங்காமல் ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல் அது. தொழிலார் சிலர்க்கு உரியதாக இலக்கணம் வகுத்ததை, ஒரு பேரினமே நாளும் பேசவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளது. சூன் 4 என்று எழுத இயலாது. ஆகவே மே 35 என்று எழுதினார்கள். அதுவும் தடுக்கப்பட்டது. உரோம எண்களில் ஆறும் நான்கும் எழுதிப் பார்த்தார்கள். எட்டை எட்டால் பெருக்கிக் காட்டினார்கள். மெழுகுத்திரிப் படம் ஒன்றை இட்டார்கள். ஆண்டுதோறும் சூன் தொடக்கத்தில் மெழுகுத்திரியும் மறைந்துவிடும். ஊ சிந்தாவோ ஆட்சிக் காலத்தில், இணக்கமான குமுகாயம் அமைப்போம் என்னும் முழக்கத்தின் பேரால் இணையத்தில் எழுதியவை அழிக்கப்பட்டன. இணக்கம் என்னும் சீனச் சொல்லும் ஆற்று நண்டு என்னும் சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலியின. எழுதியது அழிந்தால், என் கட்டுரையை ஆற்று நண்டு கொண்டுபோயிற்று என்று சொல்லிச் சிரித்தார்கள். இரட்டுற மொழிதலில் இத்துணைக் கூர்மை எவர்க்கும் களிப்பூட்டும். ஆயினும் பாவலன் உவந்து செய்வது வேறு. அழுகையை மறைக்கச் செய்வது வேறு. 2022 நவம்பரில் அச்சொல்லும் வேண்டாம் என்று, எதுவும் எழுதாத வெள்ளைத்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். எழுத்தே இல்லாத தாளைக் கண்டும் அரசு அஞ்சியது. தாள் ஏந்தியவரைப் பிடித்துச் சென்றது.

சீன மொழிக்கே இக்கதி எனின், சீனத்தின் ஆட்சிக்குட்பட்ட பிற மொழியினரின் கதியை என்னென்பது! சொல்லைச் சோதிக்கும் பொறிகளும் பொறிகளை மேற்பார்க்கும் ஆள்களும் பெரிதும் அறிந்தது ஆட்சிமொழியே. அறியாத மொழியில் மக்கள் என்ன பேசிக்கொள்கின்றார்களோ என்பது வல்லாட்சிக்குத் தீராத ஐயம். அந்த ஐயத்தைத் தீர்க்க அம்மொழியைக் கற்பார் சிலரே. அம்மொழியைத் தடுப்பதே எளிது. 2020-இல் தௌயின் என்னும் காணொளிச் செயலியில், காந்தோனிய மொழியில் பேசியவர்களுக்கு, பொதுமொழியில் பேசுக என்னும் அறிவிப்பு வந்ததாகப் பலர் கூறினர். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி அது! அவ்வாண்டு ஆகத்தில், உள்மங்கோலியப் பள்ளிகளில் மங்கோலிய மொழியில் கற்பித்த பாடங்களைப் படிப்படியாகச் சீனத்திற்கு மாற்றும் ஆணை வெளிப்பட்ட நேரத்தில், பைனு என்னும் மங்கோலிய மொழிச் செயலி முடக்கப்பட்டது. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்துத் தெருவிற்கு வந்தனர். ஒருவரோடொருவர் தம் மொழியில் கலந்து பேசிக்கொள்ள இருந்த இடம் அதற்கு முன்பே பூட்டப்பட்டுவிட்டது.

திபேத்தியர் தாசி வாங்சுக்கு ஒரு கடைக்காரர். தம் ஊர்ப்பக்கத்துப் பொருள்களை இணையத்தில் விற்று வந்தவர். இணைய வணிகத்தால் தொலைவூர்க்காரரும் உயர்கின்றார் என்று காட்ட 2014-இல் அலிபாபா எடுத்த விளம்பரப் படமொன்றில் இடம்பெற்றவர். யாகூ தன் பங்கை விற்று ஈட்டிய அதே ஆண்டு அது. திபேத்தியப் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழியை முறையாகக் கற்க இயலவில்லை என்று அவர் 2015-இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றின் படக்காட்சியில் பேசினார். பிரிவினை கேட்கவில்லை, சீன அரசின் சட்டத்திலேயே எழுதியிருக்கும் மொழியுரிமையைத்தான் கேட்டார். 2016 சனவரியில் பிடிக்கப்பட்டார். 2018 மேயில், பிரிவினையைத் தூண்டினார் என்று ஐந்தாண்டுச் சிறை விதித்தார்கள். எழுதப்பட்ட சட்டத்தைக் காட்டியவர் சிறையில். எழுதப்படாத தடைக்கு அடங்கியவர்கள் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர்கள்!

ஒறுப்புக் காலம் முழுவதும் கழிந்து அவர் வெளிவந்தது 2021 சனவரியில். அவ்வாண்டு முடிவதற்குள், உலக மொழிகளைக் கற்பிக்கும் தாக்குமேட்டு என்னும் சீனச் செயலி, திபேத்திய மொழிப் பாடங்களையும் உய்குர் மொழிப் பாடங்களையும் எடுத்துவிட்டது. அச்செயலியின் நிறுவனம் யுனெசுகோவோடு கூட்டுறவு பூண்டிருந்தது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கப்படுவதற்கு முன்பே அது தன் விடையை அறிவித்திருந்தது: அரசின் கொள்கை.